யாழ்ப்பாண ரவுன் (நகர்) கடைத்தெரு: எந்த ஆண்டுத் தெரு உங்களுக்கு நினைவிருக்கிறது?

வண்ணை வாத்தியார் எழுதியது:

ஆஸ்பத்திரி வீதியில் பழைய ஓட்டுக்கூரைக் கடையொன்றை இந்தக் கிழமை இடித்துவிட்டார்கள். மாடிக் கட்டடம் வரப்போகிறதாம். பார்த்துக்கொண்டு நின்றவர்களிடம் "இதில முந்தி என்ன கடை இருந்தது?" என்று கேட்டேன். ஒருவர் புடவைக்கடை என்றார். இன்னொருவர் சாப்பாட்டுக்கடை என்றார். மூன்றாமவர், நான் ரவுனுக்கு வந்த காலத்திலிருந்து அது பூட்டித்தான் கிடந்தது என்றார். மூவரும் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும். ஆளுக்கொரு காலத்தைச் சொல்கிறார்கள்.

மற்ற ஊர்களில் கடைத்தெரு மெதுவாக மாறும். தகப்பன் நடத்திய கடையை மகன் பெருப்பிப்பார், பேரன் அதை இரண்டாகப் பிரித்து ஒன்றை வாடகைக்கு விடுவார். எங்கட ரவுனில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு திகதி இருக்கிறது. 1981 மே 31 இரவு தொடங்கி நூலகத்தையும் கடைகளையும் கொண்டுபோன எரிப்பு. 1987 ஒக்ரோபர், இந்திய இராணுவம் ரவுனுக்குள் வந்த சண்டை. 1990 ஜூனில் தொடங்கி செப்ரெம்பர் வரை நீண்ட கோட்டை முற்றுகை. அதே ஆண்டு ஒக்ரோபர் 30, முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்ட நாள். 1995 ஒக்ரோபர் 30, ரவுனும் சுற்றூர்களுமான வலிகாமமே எழும்பிக் கிழக்கே தென்மராட்சிக்கு நடந்த இரவு. 2002 ஏப்ரலில் தென்னிலங்கைக்குப் போகிற ஏ9 பாதை திறந்தது, 2006 ஓகஸ்டில் மூடியது. அப்புறம் போர் முடிந்த 2009. ஒவ்வொரு திகதியிலும் கடைக்காரரும் மாறினார்கள், வாங்க வருகிறவர்களும் மாறினார்கள். இந்தத் தெருவை இடைவிடாமல் பார்த்து வந்தவர் என்று யாரும் இல்லாமற் போனது அதனால்தான்.

கோட்டைக்கும் நூலகத்துக்கும் கோயில்களுக்கும் வரலாறு எழுதியிருக்கிறார்கள். கடைகளுக்கு அப்படி யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. ஒரு ஊர் எப்படிச் சாப்பிட்டது, எதை உடுத்தது, யாரோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தது என்பதெல்லாம் கடைத்தெருவில்தான் இருக்கிறது. எனவே கேட்கிறேன்: சத்திரச் சந்தி, ஆஸ்பத்திரி வீதி, கஸ்தூரியார் வீதி, பவர்ஹவுஸ் றோட், பெரியகடை, இவற்றில் உங்களுக்குத் தெரிந்த கடைகளை எழுதுங்கள். "அந்தக் காலத்தில்" என்று விட்டுவிடாமல் எந்த ஆண்டு என்றும் சொல்லுங்கள்.

ஸ்காபரோ கொக்குவிலான் எழுதியது:

வாத்தியார் ஐயா, என்னுடைய தெரு 1971 முதல் 1983 வரை. கொக்குவிலிலிருந்து காங்கேசன்துறை வீதியால் சைக்கிளில் இறங்கினால் மனோகரா தியேட்டர் வரும். ராஜா தியேட்டர் கஸ்தூரியார் வீதியில். வின்சர், வெலிங்டன், ராணி, ஸ்ரீதர் என்று இன்னும் இருந்தன. முற்றவெளிப் பக்கம் றீகல், அங்கே ஓடுவது இங்கிலிஷ் படம். தியேட்டர்களை நம்பித்தான் பாதிக் கடைகள் இருந்தன. மத்தியானக் காட்சி விட்டதும் தேத்தண்ணிக் கடைகளில் நிற்க இடமிருக்காது. சைக்கிள் நிறுத்துகிற வளவுகளில் சீற்றில் வெண்கட்டியால் இலக்கம் எழுதி, அதே இலக்கமுள்ள தகரத் துண்டைக் கையில் தருவார்கள். செக்கன் ஷோ முடிந்து இருட்டுக்குள் எல்லாரும் ஒரேயடியாய்ச் சைக்கிள் தேடுகிற சத்தம் இப்பவும் காதுக்குள் நிற்கிறது.

அப்ப பல கடைகளுக்கு இரும்புக் கதவு இல்லை, பலகைக் கதவுதான். மேலும் கீழும் தவாளிப்பு வெட்டியிருக்கும். பலகைகளை ஒவ்வொன்றாக அதற்குள் இறக்கி, கடைசிப் பலகைக்குக் குறுக்கே இரும்புச் சட்டம் போட்டுப் பூட்டு. ஒவ்வொரு பலகையிலும் இலக்கம் எழுதியிருக்கும். வரிசை பிசகினால் கடைசிப் பலகை இறங்காது. கடையில் சேர்ந்த பெடியனுக்கு முதலில் தருகிற வேலை அந்தப் பலகைகளைக் கழற்றி அடுக்குவதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1970க்கும் 77க்கும் இடையில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு. புடவைக்கு வரிசை, பாணுக்கு வரிசை. ஆனால் மிளகாயும் வெங்காயமும் வெளிநாட்டிலிருந்து வராததால் எங்கட தோட்டக்காரர் கையில் காசு புரண்டது. வெங்காயம் விற்ற கையோடு கன்னாதிட்டிக்கு வந்து மகளுக்குக் காப்புச் செய்யக் கொடுத்துவிட்டுப் போவார்கள். 1977இல் பொருளாதாரத்தைத் திறந்து விட்டதும் கடைகளில் ரேப் ரெக்கோடரும் ஜப்பான் துணியும் குவிந்தன. இறக்குமதி வெங்காயமும் வந்தது, தோட்டக்காரரின் கை இறுகியது. ரவுன் மினுங்கத் தொடங்கிய அதே நேரத்தில் கிராமம் வாடியதை நான் கண்ணால் கண்டவன்.

மலாயன் கபேயில் வாழையிலையில் சாப்பிட்டுவிட்டு சுபாஸில் ஐஸ்கிறீம் குடித்தால் அன்றைய நாள் திருநாள். அதுதான் யாழ்ப்பாணம். இப்ப இருப்பதை என்னால் எங்கட ரவுன் என்று சொல்ல முடியவில்லை.

போன்கடைத் தம்பி எழுதியது:

அண்ணை, மலாயன் கபே இப்பவும் இருக்கு. வாழையிலையும் இருக்கு.

நான் 1997இல் பிறந்தவன். கஸ்தூரியார் வீதியில் போன் திருத்துகிற கடையில் வேலை. உங்கட கடைசி வரியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. எனக்கு நினைவு தெரிந்த தெருவில் ஒவ்வொரு சந்தியிலும் மண்மூட்டைக் காவலரண் இருந்தது. 2006இல் பாதை மூடினதும் சீனிக்கும் மாவுக்கும் அம்மாவோடு வரிசையில் நின்றிருக்கிறேன். பின்னேரம் ஆனால் கடையெல்லாம் பூட்டிவிடும், ஊரடங்கு. இருட்டின பிறகு ரவுன் எப்படியிருக்கும் என்று பள்ளிக்கூடக் காலத்தில் எனக்குத் தெரியவே தெரியாது.

இப்ப இரவு எட்டரைக்கும் ஆஸ்பத்திரி வீதியில் சனம் நடக்குது. அம்மாமார் பிள்ளைகளோடு கொத்துரொட்டி வாங்குகினம். 2013இல் கார்கில்ஸ் சதுக்கம் திறந்தபோது எஸ்கலேற்றரில் ஏறி இறங்குவதற்கென்றே ஊர்களிலிருந்து வந்தார்கள், நாங்களும் போனோம். 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி திரும்ப வந்தது. 1990இல் நின்ற ரயில் அது. என் வயதுக்காரர் அதுவரைக்கும் ரவுன் ஸ்ரேசனில் ரயிலைக் கண்டதில்லை. ஒளி, சத்தம், நெரிசல் எல்லாம் உங்களுக்கு அந்நியமாகத் தெரியலாம். எங்களுக்கு அது விடுதலை. இந்தத் தெருவை நான் விரும்புகிறேன்.

ஸ்காபரோ கொக்குவிலான் எழுதியது:

தம்பி, நீர் வரிசையில் நின்ற காலத்தில் நான் இங்கே கனடாவில் பனிக்குள் நின்றவன். உம்முடைய தெருவை உம்மிடமிருந்து பறிக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் தியேட்டர்களும் புத்தகக்கடைகளும் நிறைந்த தெரு ஒன்று இருந்தது என்பதையும் நீர் அறிய வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

வண்ணை வாத்தியார் எழுதியது:

புத்தகக்கடை என்றதும் இதைச் சேர்க்கிறேன். 1981இல் நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்ததை உலகமே அறியும். அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகை அலுவலகம் எரிந்தது. பஸ் நிலையத்தடியில் பூபாலசிங்கம் புத்தகசாலை எரிந்தது. கடைகள் பலவும் எரிந்தன. நூலகத்தை நினைக்கிற நாளில் கடைகளை யாரும் நினைப்பதில்லை. பத்திரிகை வாங்கப் போய், அடுக்கில் இருந்த புத்தகத்தை நின்றபடியே பாதி வாசித்துவிட்டு வந்த மாணவர்கள் எத்தனை பேர்! கடைக்காரரும் ஏன் என்று கேட்க மாட்டார். காசில்லாத பிள்ளைக்கு அதுவும் ஒரு நூலகம்தான்.

ஐந்துசந்தி எழுதியது:

இந்த இழையை இரண்டு நாளாக வாசிக்கிறேன். வாத்தியார் ஐயா முதல் பதிவிலேயே 1990 ஒக்ரோபர் 30ஐ எழுதியதற்கு நன்றி. பல இடங்களில் அந்தத் திகதியைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

என் வாப்பாவுக்கு ரவுனில் இரும்புக்கடை. ஆணி, கொளுக்கி, கம்பி, பெயின்ற், தோட்டத்துக்கு மண்வெட்டி. பெரியப்பா லொறி ஓட்டியவர், கொழும்புச் சாமான் ஏற்றுவார். மாமா கஸ்தூரியார் வீதியில் தையல்கடை. இரும்பு, தையல், நகை, இறைச்சி, பழைய இரும்பு, லொறி என்று ரவுன் வியாபாரத்தில் எங்கட ஆட்கள் இல்லாத இடம் குறைவு. அந்த ஒக்ரோபர் 30 காலை ஒலிபெருக்கியில் அறிவித்து எல்லாரையும் ஜின்னா மைதானத்துக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் ஊரை விட்டுப் போக வேண்டும் என்று விடுதலைப் புலிகள் சொன்னார்கள். கடையையோ சரக்கையோ யாருக்கும் ஒப்படைக்க நேரமில்லை. சிறிய தொகைக் காசும் மாற்றுடுப்பும்தான் கையில். பிறகு புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்தோம்.

2002இல் பாதை திறந்ததும் வாப்பா என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார். கடை இருந்தது, உள்ளே வேறொருவர் வேறு வியாபாரம் செய்துகொண்டிருந்தார். அவரும் வேறொருவரிடம் வாடகைக்கு எடுத்தவர்தான். வாப்பா சண்டை பிடிக்கவில்லை. கல்லாப்பெட்டி இருந்த மூலையை மட்டும் காட்டினார். இப்ப சோனகத்தெருவுக்குத் திரும்பிய குடும்பங்கள் இருக்கின்றன, ஒஸ்மானியாக் கல்லூரியில் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆனால் ரவுனின் முகப்புக் கடைகளில் எங்கட பழைய பெயர்ப்பலகைகள் திரும்பி வரவில்லை. 1971 தெரு என்று எழுதுகிறவர்கள் அந்தப் பெயர்களையும் எழுதுங்கள். நினைவிருக்கிறவர்கள் நீங்கள்தான்.

ஸ்காபரோ கொக்குவிலான் எழுதியது:

எழுதுகிறேன் தம்பி. பள்ளிக்கூடக் காற்சட்டை தைத்தது முழுக்க ஒரு முஸ்லிம் நானாவின் கடையில். அளவெடுத்தால் கொப்பியில் எழுதமாட்டார், மனதில் வைத்திருப்பார். சரியாக வரும். ஸ்ரான்லி வீதிக்குத் திரும்புகிற பக்கம். கடைப்பெயரை என் தமையனிடம் கேட்டு எழுதுகிறேன்.

கச்சேரியடி அக்கா எழுதியது:

எல்லாரும் 1990ஐத் தாண்டி 2002க்குப் பாய்கிறீர்கள். இடையிலும் ஒரு தெரு இருந்தது. நான் அதில்தான் குமரி ஆனேன்.

அதற்கு முன் ஒன்று. ஆஸ்பத்திரி வீதி என்று பேர் சொல்லிக்கொண்டு 1987 ஒக்ரோபர் 21ஐ எழுதாமல் விடக்கூடாது. தீபாவளி நாள். இந்திய இராணுவம் ஆஸ்பத்திரிக்குள் புகுந்து சுட்டதில் நோயாளர், வைத்தியர், தாதியர், ஊழியர் என்று 60 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அந்த வீதியில் நடக்கிற ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

1990இல் கோட்டைச் சண்டையோடு ரவுனின் தெற்குப் பக்கம் தரைமட்டம். றீகல் பக்கமெல்லாம் கற்குவியல். ரவுனுக்கு வரவே சனம் பயந்தது. திருநெல்வேலிச் சந்தியும் சுன்னாகமும் பெருத்தது அப்பதான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கடைகள் திறந்தன, ஆனால் விற்கச் சாமான் இல்லை. பெற்றோல், மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி, சீமெந்து எல்லாவற்றுக்கும் பொருளாதாரத் தடை. கரண்ட் இல்லை. பவர்ஹவுஸ் றோட் முழுக்க இருட்டு.

கடைக்காரர் இரவில் என்ன வெளிச்சத்தில் வியாபாரம் செய்தார்கள் தெரியுமா? ஜாம் போத்தல் விளக்கு. போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அதன்மேல் சிறிதளவு மண்ணெண்ணெய். தைலப் போத்தல் மூடி போலச் சின்னக் குழலுக்குள் திரியைச் செருகிப் போத்தலுக்குள் நிறுத்தினால் ஒரு பொட்டுச் சுடர் நிற்கும். போத்தலே சிமினி, காற்றுக்கு அணையாது. ஒரு தேக்கரண்டி எண்ணெயில் பரீட்சைக்குப் படித்த தலைமுறை நாங்கள். தெருவோரம் போத்தல்களில் பெற்றோல் விற்பார்கள். மோட்டார் சைக்கிளுக்குச் சில துளி பெற்றோல் விட்டு உதைத்து ஸ்ராட் பண்ணி, சூடேறினதும் மண்ணெண்ணெயில் ஓடுவார்கள். அந்தப் புகை மணம்தான் அக்காலத்து ரவுனின் மணம். ஒஸ்ரின் ஏ40 கார்களும் மண்ணெண்ணெயில்தான் கலியாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடின. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டார்கள். எரிகிற எதையும் பழுதுபார்க்கத் தெரிந்தவன்தான் அன்றைக்குத் தெருவில் பெரிய ஆள்.

1995இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தோம். 96இல் திரும்பி வந்தபோது பல கடைகளில் கதவே இல்லை. கொக்குவில் அண்ணை சொன்ன அந்தப் பலகைகளைத் திரும்ப நான் காணவில்லை. அடுப்புக்கு எரித்தார்களோ என்னவோ. பிறகு வந்ததெல்லாம் இரும்பு சட்டர்.

இன்னுமொரு மாற்றம், ஆண்கள் யாரும் எழுதவில்லை. 70களில் ரவுனில் எத்தனை கடையில் பெண்கள் சாமான் எடுத்துக் கொடுத்தார்கள்? விரல்விட்டு எண்ணலாம். இப்ப புடவைக்கடை, நகைக்கடை, மருந்துக்கடை எல்லாவற்றிலும் நிற்பது பெண்பிள்ளைகள். கிளிநொச்சியிலிருந்தும் தீவுப்பகுதியிலிருந்தும் காலை பஸ்ஸில் வருகிறார்கள். போரில் தகப்பனையோ புருஷனையோ இழந்த வீடுகளின் அடுப்பு அந்தச் சம்பளத்தில்தான் எரிகிறது. என் தங்கச்சியின் மகளும் ஒரு புடவைக்கடையில் நின்றாள். நின்றாள் என்றால் நின்றாள்தான், காலை ஒன்பது முதல் இரவு வரை இருக்கக் கதிரை கிடையாது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் இருக்கவிட மாட்டார்கள். புதுக் கட்டடம், ஏசி, கண்ணாடி, எல்லாம் சரி. அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு ஸ்ரூல் போட்டுக் கொடுக்க எவ்வளவு செலவாகும்?

போன்கடைத் தம்பி எழுதியது:

அக்கா, இது முழுக்க உண்மை. எங்கட கடைக்குப் பக்கத்துப் புடவைக்கடைப் பிள்ளைகள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வெளியில் வந்தால் படிக்கட்டில் இருந்து கால் நீட்டிக்கொண்டுதான் சாப்பிடுவார்கள்.

நொத்தாரிசு எழுதியது:

பழைய கட்டடங்கள் ஏன் சில இடத்தில் இடிந்தபடியே கிடக்கின்றன, சில இடத்தில் ஒரே இரவில் நாலு மாடி எழும்புகிறது என்று கேட்கிறவர்களுக்கு காணி உறுதிப் பத்திரம் எழுதுகிற என் தொழில் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

ரவுன் காணிகளில் பல பிரிக்கப்படாத பங்குக் காணிகள். சின்ன முகப்பு, நீளமான உள்வளவு, ஐந்தாறு பங்காளிகள். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கங்களை 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன்படி பங்காளி ஒருவர் தன் பங்கை வெளியாருக்கு விற்குமுன் மற்றப் பங்காளிகளுக்கு முறையாக அறிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் வழக்காடி அந்த விற்பனையைத் தங்கள் பக்கம் திருப்பலாம். எல்லாரும் ஒரே ஊரில் இருந்தபோது இது குடும்பத்தைக் காப்பாற்றியது. இப்ப ஒரு பங்காளி ரொறன்ரோவில், ஒருவர் பாரிசில், ஒருவர் காலமாகி மரணச் சான்றிதழே எடுக்கப்படவில்லை. அற்றோணித் தத்துவம் (தனக்காக இன்னொருவர் கையெழுத்திட அதிகாரம் தரும் பத்திரம்) அனுப்பிக் கையெழுத்துச் சேர்க்கவே வருடங்கள் போகும். கூரை அதற்குள் விழுந்துவிடும்.

ஒரே ஆள் பெயரில் சுத்தமான உறுதி இருந்தால் உடனே விலை போகும். வாங்குவது பெரும்பாலும் வெளிநாட்டுக் காசு, அல்லது வங்கி, லீசிங் கம்பனி, பெருஞ்சங்கிலிக் கடை. அவர்கள் கேட்கிற முற்பணத்தைப் பலசரக்குக்காரர் எப்படிக் கொடுப்பார்? மிளகாயும் மல்லியும் விற்றுக் கட்டக்கூடிய வாடகை இல்லை அது. தங்கம், போன், புடவை, அடகு, இவை மட்டும்தான் தாங்கும். தெருவின் முகம் மாறியதற்கு மக்களின் ருசி மட்டும் காரணமில்லை.

ஐந்துசந்தி எழுதியது:

நொத்தாரிசு ஐயா, 1990இல் போனவர்களின் உறுதிகள் பல தொலைந்துவிட்டன. பத்து வருடத்துக்கு மேல் வேறொருவர் ஆண்ட காணிக்கு ஆட்சியுரிமை கேட்கலாம் என்கிறார்களே?

நொத்தாரிசு எழுதியது:

பொதுச் சட்டத்தில் பத்து வருட ஆட்சி என்பது உண்டு. ஆனால் போரினால் தன் காணிக்கு வர முடியாமல் போனவர்களுக்காக 2016இல் விசேட ஏற்பாட்டுச் சட்டம் ஒன்று வந்தது. அதில் குறித்த காலத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. உறுதியின் பிரதி காணிப் பதிவகத்தில் கிடைக்கக்கூடும். வாப்பாவின் முழுப்பெயரோடும் காணியின் பெயரோடும் ஒரு சட்டத்தரணியை நேரில் பாருங்கள், பொதுவெளியில் விபரம் போடாதீர்கள்.

நாவாந்துறை மீன்காரன் எழுதியது:

நடைபாதை பற்றி யாராவது எழுதுங்கள். பஸ் நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரி வாசலுக்கு ஒரு நோயாளியைத் தாங்கிக்கொண்டு நடந்து பாருங்கள். நடைபாதையில் மோட்டார் சைக்கிள், கடைச் சாமான், பொம்மைக்குச் சேலை கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். தெருவில் இறங்கினால் ஓட்டோவும் மினிபஸ்ஸும். மாரி மழைக்கு வாய்க்கால் நிறைந்து கடைவாசல் வரை தண்ணி. 2022இல் பெற்றோல் இல்லாமல் எல்லாரும் சைக்கிளில் வந்த மாதங்களில் ஆஸ்பத்திரி வீதியில் மனிதர் நடந்தார்கள். வறுமையால்தான் அப்படி இருந்தது, அது திரும்ப வேண்டாம். ஆனாலும் அந்த அகலம் இந்தத் தெருவுக்குள் இருக்கிறது என்று அப்ப தெரிந்தது.

வண்ணை வாத்தியார் எழுதியது:

பெரிய கடதாசியில் தெருவை வரைந்து, ஒவ்வொரு முகப்புக்கும் கீழே ஐந்து கட்டம் போட்டிருக்கிறேன்: 1981க்கு முன், 1981–90, 1990–95, 1996–2009, அதன் பிறகு. கொக்குவில் அண்ணை தந்ததில் ராஜா தியேட்டர்ப் பக்கம் கொஞ்சம் நிரம்பிவிட்டது. மூன்றாவது கட்டம் கிட்டத்தட்ட வெறுமை. கச்சேரியடி அக்கா, திறந்திருந்த கடைகள் எவை, போத்தல் பெற்றோல் எந்தச் சந்தியில் விற்றார்கள் என்று நினைவுக்கு வருகிறதைச் சொல்லுங்கள். தம்பி, உன் கடைக்கு இடமும் வலமும் பத்துக் கடையை இன்றைய பெயரோடு எழுதி அனுப்பு. நாளைக்கு இடித்தால் அதுவும் போய்விடும்.

ஐந்துசந்தி எழுதியது:

உம்மாவிடம் கேட்டேன். 1981–90 கட்டத்துக்கு எழுதுங்கள்: வாப்பாவின் இரும்புக்கடைக்கு வலது பக்கம் சுருட்டும் புகையிலையும் விற்ற கடை, ஒரு தமிழ் ஐயா. இடது பக்கம் வெள்ளிச் சாமான். எதிரில் சர்பத் கடை. அதற்கு மேல்மாடியில் படம் பிடிக்கிற ஸ்ரூடியோ, உம்மாவும் வாப்பாவும் கலியாணத்துக்குப் பிறகு அங்கேதான் படம் எடுத்தார்களாம். ஸ்ரூடியோவின் பெயர் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். சர்பத் கடை 1987 சண்டையோடு பூட்டியது, திரும்பத் திறக்கவில்லை என்கிறார். சுருட்டுக்கடை ஐயா நாங்கள் போகிற வரைக்கும் இருந்தார்.